ஆறு புள்ளி வண்டுக்கு நாலு புள்ளிதான் இருந்தால் அது வேறு இனமா?

கேள்வி இது: சேலம் நகரமலை அடிவாரத்தில், மழை பெய்த மறுநாள் காலை, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு வண்டு வேகமாக ஓடியது. முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளிகள். அடுத்த வாரம் ஜருகுமலைப் பக்கம் அதே சாயலில் இன்னொன்று. அளவில் சிறியது, நாலு புள்ளிதான். இரண்டும் வெவ்வேறு இனமா? ஏற்காட்டின் மேலேயும் இது உண்டா? விஷமுள்ளதா?

இரண்டும் ஒரே இனம் என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். தமிழில் தரைவண்டு என்று சொல்லும் பெருங்குடும்பத்தில் இது ஒரு பெரிய உருப்படி. அறிவியல் பெயர் ஆந்தியா செக்ஸ்கட்டாட்டா. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயசிடம் படித்த டென்மார்க்குக்காரர் ஃபப்ரீசியஸ் 1775-இல் வைத்த இனப்பெயர். லத்தீனில் 'ஆறு துளி உடையது' என்று பொருள். பெயரிலேயே எண்ணிக்கையை வைத்துவிட்டதால் எல்லோரும் முதலில் புள்ளியை எண்ணுகிறார்கள், எண்ணிக்கை குறைந்தால் புது இனம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். இந்த வண்டைப் பொறுத்தவரை புள்ளி கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். உடலமைப்பை முதலில் பாருங்கள்.

முழு நீளம் பொதுவாக 4 செ.மீ. அளவில் இருக்கும். தலை பெரியது, முன்னோக்கி நீண்டது. கத்தரிபோல் குறுக்கே மடங்கும் இரண்டு தாடைகள் மேலிருந்து பார்த்தாலே தெரியும். தலைக்குப் பின்னால் முன்மார்பு: முன்பக்கம் அகன்று பின்பக்கம் ஒடுங்கி, இதய வடிவத்தை ஒத்திருக்கும். அதன் பிறகு இடுப்புபோல ஒரு சுருக்கம். அப்புறம் முட்டை வடிவத்தில் நீண்ட முதுகு. முதுகை மூடியிருப்பவை கெட்டிப்பட்ட இரண்டு முன்சிறகுகள். நடுவில் கோடு தெரியும். ஆனால் அந்தக் கோட்டில் அவை ஒட்டிப்போனவை, திறக்காது. அடியில் பறப்பதற்கான சிறகும் கிடையாது. கால்கள் நீளம். உடலைத் தரையிலிருந்து நன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடும். உணர்கொம்பு நூல்போல, 11 கணுக்கள் கொண்டது. நுனியில் குண்டோ விசிறியோ இருக்காது. நிறம் கறுப்பு, மங்கலான கறுப்பு. பச்சையோ நீலமோ மினுங்கினால் நீங்கள் பார்த்தது வேறு வண்டு.

புள்ளிகளின் இடம்: முன்மார்பின் இரு ஓரங்களில் ஒவ்வொன்று, முன்சிறகுகளின் முன்பாதியில் இரண்டு, பின்பாதியில் இரண்டு. ஆக ஆறு. முன்மார்பின் மேல் புள்ளி விழுவது முக்கியமான அடையாளம்; பின்னால் சொல்லப்போகும் போலி இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

இப்போது புள்ளி எதனால் ஆனது என்பதற்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சியின் புள்ளி செதிலில் இருப்பது; பொறிவண்டின் புள்ளி ஓட்டிலேயே ஊறிய நிறம். இந்த வண்டின் புள்ளி முடி. கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் வைத்துக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் வழியே பார்த்தால், வெள்ளைக் கம்பளித் துணியை வட்டமாக வெட்டி ஒட்டியதுபோல, குட்டையான வெள்ளை முடிகள் நெருக்கமாகப் படிந்திருப்பது தெரியும். ஒவ்வொரு முடியும் ஓட்டில் உள்ள ஒரு நுண்குழியிலிருந்து எழுகிறது. முடி என்றால் தேயும், உதிரும். வளர்ந்த வண்டு தோலுரிப்பதில்லை. ஆகவே உதிர்ந்தது திரும்ப முளைக்காது. கல்லடியிலும் வேர்ப் பொந்திலும் நுழைந்து நுழைந்து, சரளை மண்ணைத் தோண்டித் தோண்டி, பல மாதம் தாண்டிய வண்டின் புள்ளி அரைகுறையாக நிற்பது இயல்புதான். நாலு புள்ளி, ஐந்து புள்ளி, ஒரு பக்கம் முழுசு மறுபக்கம் பாதி, எல்லாம் வரும்.

தேய்ந்து போனதா, பிறவியிலேயே இல்லையா என்று எப்படிப் பிரிப்பது? இரண்டு சோதனை உண்டு. முதலாவது சமச்சீர். பிறவி வேறுபாடு இடம் வலம் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும். தேய்மானம் ஒரு பக்கத்தை அதிகம் தின்றிருக்கும். இரண்டாவது நுண்குழிகள். முடி உதிர்ந்த இடத்தில் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் ஊசிமுனைக் குத்துகள் நெருக்கமாகத் தெரியும், சுற்றியுள்ள ஓட்டைவிட அந்த வட்டம் சொரசொரப்பாக இருக்கும். குத்துகள் இருந்தால் அங்கே புள்ளி இருந்தது, போய்விட்டது. குத்துகளே இல்லாமல் சுற்றியுள்ள ஓடு மாதிரியே இருந்தால்தான் இயற்கையான வேறுபாடு என்று பேச ஆரம்பிக்கலாம். அப்போதும் ஒரே ஒரு வண்டை வைத்துப் பேசக் கூடாது. ஒரே இடத்தில் பத்துப் பதினைந்தாவது பார்த்திருக்க வேண்டும்.

சேலத்தில் மூன்றாவதாக ஒரு குழப்பமும் உண்டு: செம்மண். மழைக்கு மறுநாள் வெளிவரும் வண்டின் முடிக்குள் ஈரச் சேறு அப்பிக்கொள்ளும். வெள்ளைப் புள்ளி காவி நிறமாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. 'ஆரஞ்சுப் புள்ளி வகை' என்று ஒருவர் உற்சாகமாகச் சொல்லும்போது முதலில் கேட்க வேண்டியது, அன்று மண் ஈரமா என்பதே. சேறு காய்ந்து உதிர்ந்த பிறகு அதே வண்டு வெள்ளைப் புள்ளியோடு நிற்கும்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். சின்னதைப் பார்த்து 'குட்டி' என்று எண்ண வேண்டாம். வண்டு முட்டை, புழு, கூட்டுப்புழு என்று மாறி, ஓடு கெட்டியாகிவிட்ட பிறகு வளராது. மண்ணுக்குள் வாழும் புழுப் பருவத்தில் இரை கிடைத்த அளவுக்குத்தான் முதிர்ந்த வண்டின் உருவம். மழை பொய்த்த ஆண்டில் வயிறு காய்ந்த புழு சின்ன வண்டாகத்தான் வெளிவரும். வயிறு உப்பியிருந்தால்கூட நீளம் ஏமாற்றும்: நன்றாகத் தின்றதோ முட்டை சுமப்பதோ, பின்பகுதி முன்சிறகின் நுனியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் முழு நீளத்தை மட்டும் எழுதாமல் முன்மார்பின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அது வயிறு நிறைந்தாலும் மாறாது.

ஆண் பெண் பிரிப்பதற்கு, தரைவண்டுகளில் பொதுவாக ஆணின் முன்கால் பாதக் கணுக்கள் சற்று அகன்று, அடிப்பக்கம் ஒட்டும் முடிகள் அடர்ந்திருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் இது தெரியாது. கண்ணாடிப் பாட்டிலில் வைத்து அடியிலிருந்து பார்த்தால்தான் தெரியும். ஆனால் இந்த வண்டைப் பாட்டிலில் அடைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கீழே வருகிறேன்.

போலிகளில் முதலிடம் ஒரு கரப்பானுக்கு. ஏழு புள்ளிக் கரப்பான், டொமினோ கரப்பான் என்றெல்லாம் சொல்லப்படும் தெரியா பெட்டிவெரியானா. தென்னிந்தியப் புதர்க்காடுகளில், இதே மழைக்காலத்தில், இதே தரையில் திரியும். கறுப்பு உடல், பெரிய வெள்ளைப் புள்ளிகள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கணம் ஏமாறத்தான் செய்வீர்கள். நம் வண்டு அமிலம் பீய்ச்சும் (விவரம் கீழே), அதனால் பறவையும் ஓணானும் அதை ஒதுக்கும், அந்தச் சாயலில் இருந்தால் கரப்பானும் பிழைக்கும் என்பதே இந்த ஒற்றுமைக்குச் சொல்லப்படும் காரணம். பக்கத்தில் போனால் பிரிப்பது சுலபம். கரப்பானின் உடல் ஏறக்குறைய வட்டம், இடுப்பே கிடையாது. தலை முன்மார்புக்கு அடியில் ஒளிந்திருக்கும், தாடை தெரியாது. பெரிய வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் சிறகின் மேல்தான்: இடது சிறகில் நான்கு, வலது சிறகில் மூன்று. இடது சிறகு வலதின்மேல் ஏறிப் படுத்திருப்பதால், வலதில் மறைந்த இடத்தில் வெள்ளைக்குப் பதில் ஆரஞ்சுத் திட்டு. யாரும் பார்க்காத இடத்துக்கு ஏன் வெள்ளை அடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டதுபோல இருக்கும். சிறகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் கரப்பான். நடுக்கோட்டில் நேராகச் சந்தித்தால் வண்டு. இந்த ஒரு விதியே போதும்.

அடுத்தது கருவண்டுகள் எனப்படும் டெனிப்ரியோனிடே குடும்பம். இவையும் கறுப்பு, தரையில் திரிபவை. ஆனால் மெதுவாக நடக்கும், மட்கிய இலைதழையைத் தின்னும், தொட்டால் செத்ததுபோல் கிடக்கும். உறுதியான அடையாளம் பின்காலில்: தரைவண்டுக்கு ஆறு பாதங்களிலும் ஐந்தைந்து கணு, கருவண்டுக்கு முன்கால், நடுக்கால் ஐந்து, பின்கால் நான்கு. ஓம்ப்ரா என்றொரு பேரினமும் உண்டு. அதுவும் தரைவண்டுதான், முழுக் கறுப்பு, புள்ளியே கிடையாது. புள்ளி எல்லாம் உதிர்ந்த ஆந்தியாவோடு குழப்பிக்கொள்ளலாம். மேலே சொன்ன நுண்குழி வட்டங்களைத் தேடிப் பார்த்தால் தீர்ந்துவிடும். பூவில் உட்காரும், கறுப்பில் மஞ்சள் அல்லது சிவப்புப் பட்டை போட்ட கொப்புள வண்டை இதோடு சேர்க்கவே கூடாது. அதன் நஞ்சு வேறு, குடும்பம் வேறு.

இணையத்தில் 'ஆறு புள்ளி' என்று தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிசின்டெலா செக்ஸ்கட்டாட்டா என்று வட அமெரிக்காவில் பளபளப்பான பச்சை நிறப் புலிவண்டு ஒன்று இருக்கிறது. இனப்பெயர் ஒன்றே, பேரினம் வேறு. அதற்கும் புள்ளி எண்ணிக்கை நிலையில்லை என்பது வேடிக்கை. அந்தப் பக்கத்தில் உள்ள தகவலை எடுத்து இங்கே ஒட்டினால் எல்லாம் தப்பாகும்.

இனி எங்கே வாழ்கிறது என்பது. ஆந்தியா பேரினத்தின் பெரும்பாலான இனங்கள் ஆப்பிரிக்காவில். ஆசியாவுக்கு வந்து சேர்ந்தவை சிலவே. நம்முடையது தீபகற்ப இந்தியாவின் வறண்ட சமவெளி, புதர்க்காடு, கரட்டுநிலம் இவற்றுக்கு உரியது. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என்று தக்காணத்தின் மழை மறைவுப் பகுதிகளோடு இதன் வாழிடம் ஒத்துப்போகும். முள்ளும் கல்லும் வெற்றுத் தரையும் கலந்த நிலம் வேண்டும். ஓடித் துரத்தி இரை பிடிக்கும் வண்டுக்கு, இலைச்சருகு முழங்கால் அளவு கிடக்கும் காடு ஒத்துவராது.

சேலத்தில் அந்த நிலம் எங்கே என்று பார்த்தால் விடை தானாக வரும். நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர். சுற்றிலும் கரடுகள்: வடக்கே நகரமலை, சுண்ணாம்புக்கரடு, தென்கிழக்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. இவற்றின் அடிவாரத்தில் உசிலை, சூரை, கள்ளி, ஆவாரை, இடையில் உன்னிப் புதர், கீழே சரளை கலந்த செம்மண். சேர்வராயன் மலையின் தென் அடிவாரம், குரும்பப்பட்டிப் பக்கம், குப்பனூர் வழி மலைப்பாதையின் தொடக்கம் இவையும் அதே வகை நிலம்தான். வண்டைத் தேட வேண்டிய இடங்கள் இவை.

மேலே ஏற ஏறக் காட்சி மாறுகிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. சேர்வராயன் கோயில் மேடு 1,600-ஐத் தாண்டும். சேலத்தில் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டரைத் தொட்டும் தொடாமலும் பெய்யும் மழை மேலே 1,500 அளவில். புதர்க்காடு இலையுதிர் காடாகி, மூங்கில் வந்து, பிறகு காப்பித் தோட்டமும் சில்வர் ஓக் நிழலும். தரையில் எப்போதும் ஈரச் சருகு. அங்கே ஓடையோரம் கல்லைப் புரட்டினால் கிடைப்பவை வேறு தரைவண்டுகள்: பச்சை மினுமினுக்கும் கிளேனியஸ், பின்பக்கத்திலிருந்து 'டப்' என்ற சத்தத்தோடு சூடான குயினோன் புகையடிக்கும் குண்டுவீச்சு வண்டு. இவற்றில் பலவற்றுக்குப் பறக்கத் தெரியும், இரவில் வராந்தா விளக்குக்கு வரும். விளக்குக்குப் பறந்து வந்தது என்று யாராவது சொன்னால் அது ஆந்தியா இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சிறகே இல்லாதது பறந்து வருவது எப்படி? ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பார்த்ததாகச் சொன்னால் படம் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன். மலைப்பாதையின் கீழ் வளைவுகளில் என்றால் சரி. இருபது கொண்டை ஊசி வளைவில் எந்த வளைவோடு இது நின்றுவிடுகிறது என்பதை யாராவது நாலு பருவம் உட்கார்ந்து குறித்தால், அதுவே உருப்படியான வேலை.

பறக்க முடியாதது என்பதன் விளைவு உயரத்தோடு முடிவதில்லை. நகரமலை வண்டு ஜருகுமலைக்குப் போக வேண்டுமானால் இடையில் சேலம் நகரமே கிடக்கிறது: சாக்கடை, தார் ரோடு, நான்குவழிச் சாலை, கான்கிரீட் காம்பவுண்டு. நடந்து கடக்க வழியில்லை. முன்பு கரட்டுக்குக் கரடு புறம்போக்கு முட்காடு தொடர்ந்திருந்த காலத்தில் ஒரே கூட்டமாக இருந்தது, இப்போது தனித்தனித் தீவுகளாகிவிட்டது என்று கொள்ளலாம். ஒரு கரட்டில் அழிந்தால் பக்கத்துக் கரட்டிலிருந்து வந்து நிரப்பாது. பறக்கும் வண்டு அடுத்த மழைக்கே திரும்ப வந்துவிடும்; இது வராது. அதனால்தான் 'சேலத்தில் உண்டு' என்று மாவட்டம் முழுவதற்கும் ஒரு வரியில் எழுதுவது இந்த வண்டுக்குப் போதாது. எந்தக் கரடு, எந்தப் பக்கச் சரிவு என்று எழுத வேண்டும்.

சிறகை இழந்ததில் லாபமும் உண்டு. ஒட்டிய முன்சிறகுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு காற்றறை. வயிற்றின் மூச்சுத் துளைகள் அதற்குள் திறப்பதால், மூச்சோடு போகும் ஈரம் குறையும். சித்திரை வெயிலில் சரளைத் தரையில் வாழ்வதற்கு இது பெரிய வசதி.

எப்போது பார்க்கலாம்? கோடை மழை இரண்டு மூன்று நல்லபடியாக இறங்கிய பிறகு. ஈசல் கிளம்புவதும், சிவப்பு வெல்வெட் போலத் தம்பலப்பூச்சி தரையில் ஊர்வதும் எப்போதோ, அதே சமயம். விடிந்து வெயில் ஏறுவதற்குள், மறுபடி அந்தி சாய்ந்த பிறகு. கறையான், வெட்டுக்கிளி, புழு, பிற வண்டு என்று கிடைத்ததைப் பிடிக்கும். தாடையால் நசுக்கி, செரிமானச் சாற்றை மேலே விட்டுக் குழைத்து உறிஞ்சும். விவசாயிக்கு இதனால் கெடுதல் ஒன்றும் கிடையாது.

விஷம் பற்றி. கடித்து நஞ்சு ஏற்றாது. தாடை விரலில் பட்டால் வலிக்கும், அவ்வளவுதான். ஆபத்து பின்பக்கத்தில். வயிற்று நுனியில் இரண்டு சுரப்பிகள். அவற்றிலிருந்து பீய்ச்சுவது பார்மிக் அமிலம், எறும்பிடம் இருக்கும் அதே சரக்கு, ஆனால் செறிவு அதிகம். இந்தப் பேரினத்து வண்டுகள் ஓர் அடிக்கு மேலும் குறிபார்த்து அடிக்கக்கூடியவை. மிரட்டினால் பின்பக்கத்தைத் தூக்கி, தொந்தரவு வரும் திசைக்குத் திருப்பும். அந்த நிலையைப் பார்த்தால் முகத்தை விலக்குங்கள். தோலில் பட்டால் எரியும், பழுப்புக் கறை சில நாள் நிற்கும். கண்ணில் பட்டால் விளையாட்டு கிடையாது, விழிப்படலம் புண்ணாகும். உடனே, அந்த இடத்திலேயே, குடிக்க வைத்திருக்கும் தண்ணீரை இமையைப் பிரித்துப் பிடித்து ஊற்றிக் கழுவுங்கள். குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீர் வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், சோடா உப்புக் கரைசல் எதுவும் வேண்டாம். அமிலத்தைக் காரத்தால் முறிக்கிறேன் என்று கிளம்பினால் இரண்டு காயம் ஆகும். கழுவி முடித்ததும் கண் மருத்துவரிடம் போங்கள். கூட வரும் நாய்தான் முதலில் மாட்டும், மூக்கை நேராகக் கொண்டுபோய் வைப்பதால்.

பாட்டில் சிக்கல் இதுதான். சின்ன டப்பாவில் மூடி வைத்தால் வண்டு பயந்து பீய்ச்சும், ஆவி வெளியே போக வழியில்லாமல் தன் அமிலத்திலேயே தானும் மயங்கிச் சாகும். கூட இருக்கும் பூச்சியும் சாகும். மூடியைத் திறப்பவர் முகத்திலும் அந்த ஆவி அடிக்கும். பார்த்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு லிட்டர் அளவில் அகலமான கண்ணாடிப் பாத்திரம், மேலே வலைத்துணி, ஐந்து நிமிடம். பிறகு பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பக்கத்துக் கரட்டில் கொண்டுபோய் விடாதீர்கள், காரணம் மேலே சொல்லியாகிவிட்டது.

படம் எடுப்பதில் நடக்கும் தவறுகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். போனின் மேக்ரோ லென்ஸை 5 செ.மீ. வரை கொண்டுபோவார்கள். தலை பூதாகரமாகி வால் சிறுத்துப் போகும், அளவெடுக்கவே முடியாது. கை நீட்டிய தூரத்திலிருந்து இரண்டு மடங்கு ஜூம் வைத்து, நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலைப்பக்கம் ஒன்று எடுத்தால் போதும். ஃபிளாஷ் வேண்டாம், வெள்ளை முடி வெளிறி, நுண்குழி மறைந்துபோகும். காலைச் சாய்வெயிலே சிறந்த விளக்கு. அளவுக்கு நாணயத்தை வண்டின் பக்கத்தில் வைக்க முயன்றால் வண்டு ஓடிவிடும். அது நின்ற இடத்தில் ஒரு கூழாங்கல் படத்தில் விழுந்திருந்தால், வண்டு போன பிறகு அந்தக் கல்லின் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து, அதே உயரத்திலிருந்து இன்னொரு படம் எடுங்கள். நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. கல்லை இரண்டு படத்திலும் அளந்தால் வண்டின் அளவு வந்துவிடும்.

உயரத்தைக் குறிப்பதில் ஒரு வலை இருக்கிறது, பலர் விழுவது. சில செயலிகள் ஜிபிஎஸ் தரும் உயரத்தை அப்படியே காட்டும். அது கணக்குக்காக வைத்த ஒரு கற்பனை நீள்கோளத்திலிருந்து அளந்தது, கடல்மட்டத்திலிருந்து அளந்ததல்ல. தென்னிந்தியாவில் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரியது, நம் பகுதியில் ஏறத்தாழ 90 மீட்டர். 280 மீட்டர் இடத்தை 190 என்று காட்டும். 'எந்த உயரம் வரை' என்பதே கேள்வியாக இருக்கும்போது 90 மீட்டர் பிழை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். சோதிக்க வழி எளிது: ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கடல்மட்ட உயரம் எழுதியிருக்கும். அங்கே நின்று செயலி என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

எண்ணிக்கை எடுக்க நினைத்தால் குழிப்பொறி வைக்கலாம், அதாவது ஓடும் வண்டு தானாக உள்ளே விழும்படி தரையில் புதைத்த டப்பா. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவும் பிடிக்கவும் கூடாது. கரட்டை ஒட்டிய பட்டா நிலத்தில், உரிமையாளரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். 10 முதல் 12 செ.மீ. வாயும் 15 செ.மீ. ஆழமும் உள்ள வழவழப்பான பிளாஸ்டிக் டப்பா, இடத்துக்கு இரண்டு: ஒன்றுக்குள் ஒன்று. வெளி டப்பா மண்ணோடு நிற்கும், உள் டப்பாவை மட்டும் தூக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் குழி சரியாது. இரண்டிலும் அடியில் ஆணியால் நாலைந்து ஓட்டை போடுங்கள், மழைநீர் வடிய. விளிம்பு தரைமட்டத்தோடு சரியாக இருக்க வேண்டும். விளிம்பு கொஞ்சம் துருத்தினாலும் வண்டு முட்டிச் சுற்றிப் போய்விடும். பொறியில் எதுவும் விழவில்லை என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கோளாறு இங்கேதான். மேலே மூன்று கல் வைத்து, 4 செ.மீ. இடைவெளி விட்டு, ஓட்டுச் சில்லால் கூரை. உள்ளே தண்ணீர், சோப்பு எதுவும் ஊற்றாதீர்கள். காய்ந்த சருகும் உடைந்த ஓடும் ஒன்றிரண்டு போட்டால் விழுந்தவை ஒளிந்துகொள்ளும். பத்து மீட்டருக்கு ஒன்றாகப் பத்துப் பொறி. காலை 7 மணிக்குள் எல்லாவற்றையும் பார்த்து விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் வெயில் கொல்லும், அதற்கு முன் எறும்பு கொல்லும். தூக்கிப் பார்க்கும்போது முகத்துக்கு நேராகத் தூக்காதீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. வேலை முடிந்ததும் டப்பாவை எடுத்துக் குழியை மூடிவிட்டு வாருங்கள். மறந்து விட்ட பொறி மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஒன்றும் விழாத நாளையும் எழுதி வையுங்கள், தேதியோடு, முந்தைய மழையின் அளவோடு. பரவல் வரைபடத்துக்கு அது கிடைத்த நாள் அளவுக்குத் தேவை.

உங்கள் ஜருகுமலைப் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். காணாமல் போன இரண்டு புள்ளியும் முன்மார்பில் இருந்தவையா, முதுகில் இருந்தவையா? முன்மார்பின் ஓரத்தில் ஒரு பக்கமாவது நாலைந்து வெள்ளை முடி ஒட்டிக்கொண்டிருந்தால், அது வயதான ஆறு புள்ளி வண்டு. ஒரு முடிகூட இல்லை, நுண்குழியும் இல்லை, இரண்டு பக்கமும் அச்சு எடுத்தாற்போல் ஒன்று என்றால், அடுத்த மழைக்கு மறுநாள் விடியும்போது அதே சரிவுக்கு லென்ஸோடு போய் இன்னும் சில வண்டுகளைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.